முடிஞ்ச தரையிலிருந்து எத்தனை அடி?

வீடு கட்டுகிறவர்களிடம் "வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டால், பேஸ்மட்டம் முடிஞ்சது, லிண்டல் போட்டாச்சு, காங்கிரீட் போட்டாச்சு என்று தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற கணக்கைத்தான் சொல்வார்கள். காங்கிரீட் போட்ட அன்று ஆட்களுக்குப் பிரியாணி போட்டதும் சொந்தக்காரர்கள் "இனி என்ன, வீடு முடிஞ்ச மாதிரிதான்" என்று வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்கள். காசு எடுத்துக் கொடுக்கிறவர்களுக்குத்தான் பாதிகூட ஆகவில்லை என்று தெரியும். சென்ட்ரிங் பிரித்து, முட்டுக்கம்புகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே போய் நின்றால், நாலு பக்கமும் செங்கல், தலைக்கு மேலே தகட்டுத் தடம் பதிந்த சாம்பல் நிறத் தளம், காலடியில் மண். எது அடுப்படி, எது குளியலறை என்று கொத்தனார் சொன்னால்தான் தெரியும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் பழைய ஓட்டு வீடு நின்ற இடத்திலேயே புது வீடு. இருக்கப்போவது அப்பா, அம்மா, அப்பத்தா. அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எனக்குச் சென்னையில் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்லவன் ரயிலைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாடகை வீட்டில் இருப்பேன். மறுநாள் காலையில் வேலை நடக்கும் இடத்தில். தினமும் பக்கத்திலேயே இருந்த அப்பாவுக்கு எல்லாம் மெதுவாக நடப்பதாகத் தோன்றியது. எனக்கோ ஒவ்வொரு முறையும் வேறொரு வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருந்தது. போன தடவை கைவிட்டுப் பார்த்த ஓட்டையில் இந்தத் தடவை ஜன்னல் இருக்கும். போன தடவை குனிந்து கடந்த குழாய் இந்தத் தடவை சுவருக்குள் போயிருக்கும்.

உள்வேலை ஆரம்பித்ததும் வந்த ஆட்கள் எல்லாரும், எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ ஆசாரியோ, கையில் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எவ்ளோ உசரத்துல வைக்கணும்?"

என்ஜினீயர் கொடுத்த பிளானில் அதற்குப் பதில் இல்லை. அதில் நீளமும் அகலமும்தான். ஹால் 18க்கு 12, அடுப்படி 10க்கு 9. வங்கிக்கும் பஞ்சாயத்துக்கும் அது போதும். ஒரு ஆள் நின்றால் கை எங்கே வரும், உட்கார்ந்தால் முழங்கால் எங்கே இடிக்கும், படுத்தபடி எட்டினால் எது அகப்படும் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறவே இல்லை. வாசக்கால் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று வாஸ்து ஜோசியரிடம் இரண்டு தடவை போய் வந்தவர்கள், சமையல் மேடை உயரம் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. எங்கள் குடும்பம் மட்டுமல்ல, நான் விசாரித்த எல்லாக் குடும்பமும் அப்படித்தான்.

உயரம் சொல்ல வேண்டுமானால் எங்கிருந்து என்று முதலில் தெரிய வேண்டும். அங்கேதான் கொத்தனார் அண்ணனின் முதல் வேலை. தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைச் சித்தாள் அக்கா அறை அறையாக எடுத்துப் போனார். குழாயில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சில் குறி. இரண்டு குறிக்கும் நடுவே நீலம் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் சுவர் முழுக்க ஒரு நேர்கோடு. வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் ஓடிய அந்தக் கோட்டுக்கு மூணடி மட்டம் என்று பேர். முடிஞ்ச தரையிலிருந்து சரியாக 3 அடி.

முடிஞ்ச தரை என்று ஒன்று அப்போது கிடையாது என்பதுதான் விசேஷம். நாங்கள் நின்றது திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய மண்ணில். அதன்மேல் 4 அங்குலத்துக்கு ஜல்லிக் காங்கிரீட் வர வேண்டும். அதற்கு மேலே கலவை, அதற்கு மேலே டைல்ஸ். ஆக, நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஏழு அங்குலத்துக்கு மேலே, இன்னும் பிறக்காத ஒரு தரையை மனதில் வைத்துத்தான் வீட்டின் மொத்தக் கணக்கும் ஓடியது. எலக்ட்ரீஷியன் தம்பி முதல் நாள் டேப்பின் நுனியை மண்ணில் ஊன்றி நாலடிக்குக் குறி போட்டதும், சாரத்தின் மேலேயிருந்து கொத்தனார் அண்ணன் சத்தம் போட்டார்.

"எந்தத் தரையில இருந்துடா அளக்குற?"

"இந்தத் தரைதாண்ணே."

"இது தரையா? கோட்டப் பாருடா. கோட்டுக்கு மேல ஒரு அடி வை."

அந்தப் பையன் அதற்கப்புறம் மண்ணைப் பார்க்கவே இல்லை.

செங்கல் சுவரில் சாக்பீஸால் அவன் போட்ட வட்டங்களும் பெருக்கல் குறிகளும்தான் அந்த வீட்டின் உள்பக்கத்துக்கு வந்த முதல் உருவம். வட்டம் என்றால் விளக்கு, கட்டம் என்றால் சுவிட்ச் பெட்டி, பெருக்கல் குறி என்றால் பிளக். அதைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையிலும் ஒரு நாடகம் நடந்தது. கட்டில் எங்கே வரும், தலைமாடு எந்தப் பக்கம், பீரோ எங்கே, அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலி எங்கே. அம்மா வெறும் மண்ணில் இரண்டு செங்கல்லை வைத்து "இது கட்டில் கால்" என்றார். கிழக்கே தலை வைக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் கிழக்கில் ஜன்னல் வந்துவிட்டதால் கட்டிலைத் தள்ளிப் போட்டு, சுவிட்ச் பெட்டியையும் தள்ளிப் போட்டு, கடைசியில் பீரோ கதவு திறக்குமா என்று நான் கையை விரித்துச் சுழன்று காட்ட வேண்டியதாயிற்று.

வழக்கமாகச் சுவிட்ச் பெட்டியை நாலரை அடிக்கு வைக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டில் அது ஐந்தடிக்கும் மேலே, மரப்பெட்டியில், கருப்புக் குமிழ்ச் சுவிட்சுகளோடு இருந்தது. கரண்டைத் தொடவே பயந்த காலத்து உயரம் அது. அப்பத்தாவின் உயரம் இப்போது நாலரை அடி தேறினால் அதிகம். முதுகு வளைந்துவிட்டது, வலது தோள் ஒரு அளவுக்கு மேல் தூக்க வராது. பழைய வீட்டில் அவர் ஊன்றுகோல் நுனியால்தான் விளக்கைப் போடுவார். அவருடைய அறைக்கு மட்டும் மூன்றே கால் அடி என்று முடிவாயிற்று. கட்டிலோரத்தில் படுத்தபடியே எட்டுகிற மாதிரி இரண்டடியில் ஒரு டூவே சுவிட்ச்; ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கலாம். குளியலறை வரைக்கும் போகிற வழியில் சுவரின் அடிப்பக்கம் ஒரு சின்ன ராத்திரி விளக்கு. இதற்கெல்லாம் கூடுதலாக ஆன செலவு, ஹாலில் ஒரு அலங்கார விளக்கு வாங்குகிற காசில் பாதிகூட வராது. ஆனால் இதைச் சொல்ல வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. வயர்க் குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுவதற்கு முன்னால் சொன்னால் ஒரு வார்த்தை. பூச்சு முடிந்து சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் யாராவது படித்தால் இது ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பெல்லாம் போட்டு, பூசுவதற்கு முந்தின நாள், எல்லாச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். சும்மா எடுக்காமல், டேப்பை விரித்துச் சுவரோடு பிடித்துக்கொண்டு எடுங்கள். மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் தண்ணீர்க் குழாய் போகிறது, எந்த உயரத்தில் வயர் வளைகிறது என்று தெரிந்தால்தான் பின்னால் ஆணி அடிக்கும்போது கை நடுங்காது. 4 சதுர மி.மீ. வயர் ஏசிக்கு, 2.5 பிளக்குக்கு, 1.5 விளக்குக்கு என்று போட்டார்களா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். மறுநாள் எல்லாம் சாந்துக்குள் போய்விடும்.

பூச்சு வேலையை ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தூணும் செங்கலும் சேருகிற இடமெல்லாம் முதலில் கோழிவலை அடித்தார்கள்; இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே பின்னால் வெடிப்பு விடும். தூணின் வழவழப்பைக் கொத்திவிட்டார்கள், சாந்து பிடிக்க வேண்டுமே. பிறகு சுவரில் அங்கங்கே கையளவு கலவை அப்பி, அதில் உடைந்த டைல்ஸ் சில்லைப் பதித்து, தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்த்தார்கள். எல்லாச் சில்லும் ஒரே மட்டத்துக்கு வந்தால் அதுதான் சுவரின் வருங்கால முகம். உள்சுவருக்கு 12 மி.மீ., தளத்துக்கு அடியில் 6 மி.மீ. கொத்தனார் அண்ணன் கரணையால் சாந்தை வீசுகிற வீச்சில் கணக்கு இருந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின் ஓரத்தில் போய் ஒட்டியது. அலுமினியப் பலகையை வைத்து அறுத்து இழுத்து, மணியாஸ் கட்டையால் வட்டமாகத் தேய்த்ததும் செங்கல் மறைந்துபோனது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பூசாத செங்கல் சுவரோடு எத்தனையோ வீடு கட்டினார். அன்றைக்கு முழுக்க அந்தச் செங்கல் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் செய்தது சிக்கனம் மட்டும்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஊர்ல கடன் கட்ட முடியாம விட்டுட்டான்னு பேசுவாங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

பூசியதும் மாறியது சத்தம். செங்கலாக இருந்தவரை வீட்டுக்குள் பேசினால் குரல் அப்படியே அமுங்கிவிடும். பூச்சு காய்ந்து, ஏழெட்டு நாள் தண்ணீர் அடித்து முடித்த பிறகு, வாசலில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டால் நாலு அறையும் சேர்ந்து கூப்பிட்டது. போனில் பேசவே முடியவில்லை. கட்டிலும் துணியும் ஆட்களும் உள்ளே வரும்வரை இந்த எதிரொலி போகாது. அறையின் அளவும் இதே மாதிரி ஏமாற்றும். அஸ்திவாரம் போட்டபோது, "இதுல கட்டில் போட்டா ஆள் நிக்க இடமிருக்காதே" என்று அம்மா பயந்த அறை, சுவர் எழும்பியதும் பெரிதானது, பூசியதும் இன்னும் பெரிதானது, பீரோ வந்ததும் பழையபடி சுருங்கியது. அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு, அறையைப் பெரிதாக்கு என்று என்ஜினீயரிடம் போய் நிற்காதீர்கள்.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். இந்த வீட்டில் நீண்ட நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.

மாடுலர் கிச்சன் விலை விசாரிக்க மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பளபளவென்று ஒரு மாதிரி அடுப்படி. அம்மா அதன் முன்னால் நின்றபோது மேடை அவர் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. "இது ஒசரமா இருக்கே தம்பி" என்றார். விற்பனைப் பையன், "34 இன்ச்தாம்மா ஸ்டாண்டர்டு, எல்லாரும் இதான் வைக்கிறாங்க" என்றான். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். இந்தியப் பெண்களின் சராசரி உயரமே சுமார் 152 செ.மீ., அதாவது 5 அடிக்கு இம்மி குறைவு என்றுதான் தேசியக் குடும்ப நல ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த ஸ்டாண்டர்டு யாருடைய முழங்கையை வைத்து அளந்தது?

இங்கே ஒரு சுற்று வழி. கட்டடக் கலைஞர் லெ கார்புசியர் 1940களில் மாடுலோர் (Modulor) என்றொரு அளவுமுறையை உண்டாக்கினார். மனித உடம்பிலிருந்துதான் கட்டடத்தின் எல்லா அளவும் பிறக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் எனக்குச் சண்டையே இல்லை. முதலில் அவர் எடுத்துக்கொண்ட ஆள் 175 செ.மீ. உயரம். பிறகு அதை 183 என்று, அதாவது 6 அடி என்று மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வருகிற அழகான போலீஸ்காரர்கள் எல்லாரும் ஆறடி ஆட்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சண்டிகரில் அவர் எழுப்பிய கட்டடங்களில் இந்த அளவு முறை இருக்கிறது. இங்கிலாந்துக் கதைப் போலீஸ்காரன் பஞ்சாப் வரைக்கும் வந்தவன், காரைக்குடி அடுப்படிக்குள் வரமாட்டான் என்று என்ன நிச்சயம்?

கொத்தனார் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் விவாதமே பண்ணவில்லை. மேடை வரவேண்டிய இடத்தில் சாந்து இல்லாமல் செங்கல்லை அடுக்கி, மேலே சென்ட்ரிங் பலகையைப் போட்டார். வாடகை வீட்டிலிருந்து கேஸ் அடுப்பைத் தூக்கிவந்து அதன் மேல் வைத்தோம். அதன் மேல் சோற்றுக் குண்டான். அடுப்பு மட்டுமே ஐந்து அங்குலம் ஏறுகிறது, குண்டான் இன்னொரு முக்கால் அடி. அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு காலிக் குண்டானைக் கிண்டினார். "எறக்கு." ஒரு வரி செங்கல் எடுத்தார். கிண்டினார். "இன்னும் கொஞ்சம்." பலகைக்கு அடியில் டைல்ஸ் துண்டுகளை வைத்தும் எடுத்தும், குண்டானுக்குள் எட்டிப் பார்க்க முடிகிற உயரம், கஞ்சி வடிக்கக் கவிழ்க்கும்போது தோள் தூக்காத உயரம் என்று வந்து நின்றது 29 அங்குலம். பூச வந்த ஆட்கள், பிளம்பர், எதிர்வீட்டு அக்கா எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வெறும் பாத்திரத்தில் இத்தனை பேருக்கு முன்னால் சமைத்ததில் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது.

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு இந்த உயரம் ஆகாது. தொட்டி 8 அங்குலம் உள்ளே இறங்குகிறது. 29இல் வைத்தால் அதன் அடியைத் தொட இடுப்பை மடக்க வேண்டும். அதற்கு 33. ஆக ஒரே அடுப்படியில் இரண்டு மட்டம், நடுவே ஒரு படி. கிரானைட் போட வந்தவர் முகத்தைச் சுளித்தார். கல்லைத் துண்டாக்க வேண்டும், ஓரத்தை இரண்டு தடவை மோல்டிங் பண்ண வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்காது. கல் கருப்பு. காஷ்மீர் ஒயிட் என்று ஒரு வெள்ளைக் கல்லையும் காட்டினார்கள். பேர்தான் காஷ்மீர், கிடைப்பது நம் மதுரைப் பக்கம். மஞ்சள் கறை படியும் என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

உயரம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அம்மா, "நான் எங்க உக்காந்து காய் நறுக்குவேன்?" என்று கேட்டார். அருவாமனையில் உட்கார்ந்து நறுக்கித்தான் அவருக்குப் பழக்கம். மீன் என்றால் கட்டாயம் அதில்தான். கடைக்காரர்கள் காட்டுகிற அடுப்படிப் படங்களில் தரை என்பது நடப்பதற்கு மட்டும். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் வடிவமைத்த சமையலறைதான் இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் மூதாதை என்பார்கள். அதில்கூட உட்கார்ந்து வேலை செய்ய ஒரு முக்காலியும், ஜன்னலோரம் அதற்கேற்ற பலகையும் உண்டு. பின்னால் வந்தவர்கள் அந்த முக்காலியை எடுத்துவிட்டுக் கப்போர்டுகளை வைத்துக்கொண்டார்கள் போல. நாங்கள் கீழ்வரிசைக் கப்போர்டில் ஒன்றை விட்டுவிட்டு, கொல்லைக் கதவோரம் நாலடிக்கு நாலடி சும்மா தரையாக விட்டோம். கதவைத் திறந்தால் காற்று, வெளிச்சம், பூனை.

தரை வந்தது. ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். பக்கத்திலேயே ஊர், போய்ப் பார்த்துவிட்டே வாங்கினோம். சூளை கிடையாது, எந்திரம் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு நிறமாகச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் கலக்காமல் அப்படியே நிற்கின்றன, அது கைப்பழக்கம். மேலே மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை வைத்து மட்டமாக அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போடுகிறார்கள். காய்ந்து கண்ணாடி விடுபட்டால் அந்தக் கண்ணாடியின் பளபளப்பு கல்லின் முகத்தில் இருக்கிறது. பாலிஷ் எதுவும் வேண்டாம். நடக்க நடக்க மினுக்கு ஏறும்.

அழகு சரி, கனம்தான் சிக்கல். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலத்துக்கு மேல் வருகிறது. படுக்கையறைக்கு வாங்கிய வெட்ரிஃபைடு டைல்ஸ் அதில் பாதி. கைவேலையாதலால் கல்லுக்குக் கல் கனமும் மாறும். இரண்டு தரையும் வாசலில் சந்திக்கும்போது ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். டைல்ஸ் போடுகிறவர் படுக்கையறையில் கலவையைத் தடிமனாக விட்டுச் சரிக்கட்டினார். மூணடி மட்டத்து நீலக் கோடு அதற்குள் பூச்சில் மறைந்து, மறுபடி குழாய் பிடித்து, மறுபடி நூல் சுண்டப்பட்டிருந்தது. கடைசிக் கல்லை வைத்துத் தட்டிவிட்டு, கோட்டிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார். சரியாக 3 அடி. மாதக்கணக்காக ஆளாளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்த முடிஞ்ச தரையில் அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். உமி போட்டுத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஏற்ற இறக்கம் கூடாது என்பதற்குக் காரணம் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. அறைக் கதவுகளுக்கு உள்ளே எங்கேயும் நிலைப்படி வேண்டாம் என்று அப்பாதான் ஆசாரியிடம் சொன்னார். "கூட்டிப் பெருக்க வசதியா இருக்கும்." அப்பத்தா அறைக்கும் குளியலறைக்கும் கதவு அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது என்றும் அவரே சொன்னார். "நாளைக்கு கட்டில மாத்திப் போட்டா உள்ள போகணும்ல." குளியலறைக்குள் எந்தக் கட்டில் போகும் என்று நான் கேட்கவில்லை. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 900 மி.மீ. வழி வேண்டும் என்பது அரசாங்க வழிகாட்டு நெறிகளில் இருக்கிற கணக்கு. 3 அடி என்பது 914. அப்பா எங்கே படித்தாரோ தெரியாது. அப்பத்தாவை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

குளியலறையில் பிடிகம்பி எங்கே வரவேண்டும் என்று பார்க்க, டைல்ஸ் ஒட்டாத அந்தச் சிமெண்டு அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பத்தாவை உட்கார வைத்தோம். "எந்திரிக்கும்போது கை எங்க போகுது ஆத்தா?" என்று கொத்தனார் அண்ணன் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை, எழுந்தார். இடது கை தானாகச் சுவரைத் தேடியது. விரல் பட்ட இடத்தில் அண்ணன் கரியால் கோடு போட்டார். "நல்ல தோதாத்தான் பாக்குற. நான் போனதுக்கப்புறம் இந்தக் கம்பில துண்டு காயப் போட்டுக்குவாக" என்றார் அப்பத்தா. அண்ணன் சிரித்துவிட்டு, அந்த இடத்தில் கம்பி ஆடாமலிருக்க என்ன பண்ண வேண்டும் என்று பிளம்பரிடம் பேசப் போய்விட்டார்.

மர வேலையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. மியான்மர் 2014 ஏப்ரலில் முழுத் தடி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து பர்மா தேக்கு என்று கடையில் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள் என்றார் ஆசாரி. தலைவாசலுக்கு மட்டும் நாட்டுத் தேக்கு, மற்றதெல்லாம் வேம்பு. பழைய வீட்டின் தலைவாசல் நிலை வேங்கை. இழைத்துப் பார்த்தால் உள்ளே பூச்சி இல்லை, பொத்தல் இல்லை. ஆனால் உயரம் ஐந்தே முக்கால் அடி. இன்றைக்கு ஏழடிக் கதவுதான் எல்லாரும் வைக்கிறார்கள். அதைச் சாமி அறைக்கு வைத்தோம். அப்பா குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அம்மா குனிய வேண்டாம்.

பெயிண்டும் அப்படியே. பட்டி பார்த்து முடித்த அன்று ராத்திரி, பெயிண்டர் ஒரு பல்பைச் சுவரோரமாகப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி நகர்த்திக்கொண்டே போனார். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நின்றது. பென்சிலால் வட்டம் போட்டு, காலையில் தேய்த்தார். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. எந்த நிறம் என்பதில் வீட்டுக்குள் நடந்த பேச்சுவார்த்தையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. முடிவு: சந்தன நிறம்.

பரணில்தான் நாங்கள் தோற்றோம். லாஃப்ட்டை லிண்டல் மட்டத்தில், ஏழடியில் போட்டாயிற்று. காங்கிரீட்டோடு போடுவது, பின்னால் இறக்க முடியாது. கார்புசியரின் ஆறடி ஆள் கையைத் தூக்கினால் 226 செ.மீ. எட்டுவான், ஏழடி என்பது 213, அவனுக்குப் பிரச்சினையில்லை. அம்மா கையைத் தூக்கினால் ஆறடிதான். பித்தளை அண்டாவும் என் பழைய பாடப்புத்தகங்களும் அங்கே ஏறியிருக்கின்றன. இனி யாருடைய கல்யாணத்துக்காவது அவை இறங்கலாம்.

தை மாதம் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் ஃபால்ஸ் சீலிங் போடவில்லையா என்று கேட்டார்கள். அப்பத்தா அறைச் சுவிட்சைப் பார்த்து, "புள்ளைக கை வச்சிருமே" என்றார்கள். கோவையிலிருந்து வந்த பெரியம்மா நல்ல உயரம். பந்திக்குப் பாயசம் கிண்ட அடுப்படியில் நின்றவர் பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "என்னடி இது, பொம்மை வீட்டு அடுப்படி மாதிரி கட்டி வச்சிருக்க?"

"எனக்குத்தானக்கா கட்டிருக்கு" என்றார் அம்மா.

எனக்கு 5 அடி 5 அங்குலம். இரண்டு நாள் அங்கே சமைத்தால் மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொள்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுப்புக்கு அடியில் வைக்க ஆசாரியிடம் சொல்லி நாலு அங்குலத்துக்கு ஒரு வேப்பம்பலகை செய்து வாங்கியிருக்கிறேன். நான் கிளம்புகிற அன்று, பையைத் தூக்குவதற்கு முன்னாலேயே, அம்மா அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுகிறார்.